அக்கா சுற்றிய சணல்

குழாய் விஷயத்தில் என் அக்காவோடு வாய் கொடுத்து வென்றவர்கள் கிடையாது. ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரத்தில் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் எங்கே என்ன ஒழுகினாலும் முதல் போன் அவளுக்குத்தான். வருவாள், குனிந்து பார்ப்பாள், அதை முன்பு பூட்டியவன் யாராக இருந்தாலும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள், அதற்குப் பிறகுதான் பையைத் திறப்பாள். ஒரு கலியாணத்தில் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டபத்துக் கழிவறைத் தொட்டியைத் திருத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மணமக்களோடு படத்துக்கு நின்றவள். அந்தப் படத்தில் அவளுடைய முகத்தில் இருக்கிற திருப்தி மாப்பிள்ளையின் முகத்தில் இல்லை.

இங்கே வந்து பள்ளிக்கூடம் முடித்ததும், தண்ணீர்க் குழாயும் ஹீட்டரும் பூட்டுகிற வேலைக்குத்தான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்வேன் என்று பிடித்த பிடியில் நின்றாள். வீட்டில் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். வகுப்பில் மற்ற எல்லாரும் பையன்கள். கொஞ்ச நாள் சிரித்தார்கள், பிறகு அவள் சணல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இது நான் கட்டிவிட்ட கதையில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் இன்றைக்கும் அவளோடு ஒரே கம்பனியில் வேலை செய்கிறான், அவன் வாயால் சொன்னது.

சணல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு குழாய்களை மரை வைத்து ஒன்றுக்குள் ஒன்று திருகினால், என்னதான் இறுக்கினாலும் மரையின் வரிகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். அதை அடைப்பதற்காக மரையில் சணல் நாரைச் சுற்றி, மேலே ஒரு பசையைப் பூசித் திருகுவார்கள். தண்ணீர் பட்டதும் நார் ஊதி இடைவெளியை அடைத்துவிடும். வெள்ளை டேப், ரெடிமேட் நூல் என்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் இந்த நாட்டுப் பழைய வேலைக்காரர்களுக்குச் சணல்தான் தெய்வம். அக்காவும் அந்தக் கட்சி. டேப் சுற்றுகிறவனை அவள் மனுஷனாகவே மதிக்கமாட்டாள். நாரைக் கொத்தாக இழுத்து, விரலால் சீவி, மரையின் நுனியில் பிடித்து, ஒரே சீராகச் சுற்றி, வாலை உள்ளே மடித்துவிடுவாள். பார்த்தால் பூட்டவே மனம் வராது. அவள் பூட்டிய இடத்தில் துளி கசிந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள் எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் தொழில். அக்கா என்னைக் கேலி செய்வது அதை வைத்துத்தான். "எங்கடை குடும்பத்திலை குழாய் பிடிக்கிறது ரெண்டு பேர், அதிலை ஒராள் எச்சில் குழாய்" என்பாள். சிரித்துவிட்டுப் போவேன். தங்கச்சியாகப் பிறந்தால் இதெல்லாம் பொறுக்கத்தான் வேண்டும்.

இத்தனை வருஷம் நிலவறைகளில் முழங்காலில் நின்று நின்று அவளுடைய முழங்கால் இரண்டும் கெட்டுப்போய்விட்டன. படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பாள். நான் பார்ப்பதைப் பார்த்தால் விட்டுவிடுவாள். வைத்தியர், முழங்காலில் நிற்கிற வேலையை விடு என்று சொல்லிவிட்டார். விட்டுவிட்டு என்ன செய்வது? கந்தோரில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை ஒன்று தருகிறோம் என்று கம்பனி சொன்னது. அக்காவைப் போன் எடுக்க வைத்தால் அந்தக் கம்பனிக்கு ஒரு வாடிக்கையாளரும் மிஞ்சமாட்டார் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சவர்லாந்து மலைப்பக்கம் ஒரு வீட்டுக்கு ஹீட்டர் திருத்தப் போனாள். ஒரு வயதான அம்மாவின் வீடு. கணவர் இறந்து, காடு அந்த அம்மாவின் பொறுப்புக்கு வந்திருந்தது. காடு என்று சொல்வதற்கு அதிகம் மிச்சமில்லை. ஊசியிலை மரங்களை வண்டு தின்று, எல்லாவற்றையும் வெட்டி ஏற்றிவிட்டார்கள். அந்தப் பக்கத்து மலைகள் எல்லாமே இப்போது மொட்டை அடித்த தலை மாதிரித்தான் இருக்கின்றன. அவருடைய நிலத்தில் மிஞ்சியது ஒரு சரிவு முழுக்க நின்ற மேப்பிள் மரங்கள். அவற்றையும் ஒரு மர வியாபாரி கேட்கிறான், கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று அந்த அம்மா கோப்பி ஊற்றும்போது சொல்லியிருக்கிறார். அக்கா யன்னலால் அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு, "வெட்டாதேங்கோ, அதிலிருந்து பாணி எடுக்கலாம்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டாள்.

கனடாவில் மச்சானின் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் அதைப் பார்த்திருக்கிறாள். இரவில் உறைந்து பகலில் இளகுகிற காலத்தில் மரத்தில் சின்னத் துளை போட்டுக் குழாய்மூக்கு ஒன்றைச் செருகினால் சாறு வடியும். அதைக் காய்ச்சினால் தேன் மாதிரிப் பாணி. மரத்துக்கு மரம் வாளி கட்டுகிற காலம் போய், இப்போது மெல்லிய குழாய்களால் மரங்களை எல்லாம் இணைத்து, கீழே ஒரு கொட்டிலில் பம்பை வைத்து உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சு நன்றாக இருந்தால் சாறு பலமடங்கு வரும். இங்கத்தைய மரங்களின் சாற்றில் இனிப்புக் குறைவு, அதனால் நிறையச் சாறு வேண்டும். அதாவது, இங்கே உறிஞ்சு இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். இந்தக் குளிருக்குச் செய்து பார். மார்ச் கடைசியில் வியாபாரி வருவான். அதற்குள் இது நடக்கிற காரியம் என்று எனக்குக் காட்டினால் சரிவு உன்னுடைய பொறுப்பு. இல்லாவிட்டால் மரங்கள் அவனுக்கு. அக்கா அன்று இரவு எனக்குப் போன் எடுத்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. சின்ன வயதிலிருந்து அவளுக்கு என்று ஒன்றை அவள் இப்படி ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. நின்று நடந்து செய்கிற வேலை, திறந்த வெளி, தன்னுடைய குழாய்கள். அவளுக்கு அந்தச் சரிவு கிடைக்க வேண்டும் என்று நான் அப்போதே ஆசைப்பட்டுவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு எந்தச் சாமானையும் இருக்கிற நாட்டில் வாங்கினால் திருப்தி வராது. சேலை இந்தியாவிலிருந்து வர வேண்டும், மிளகாய்த்தூள் ஊரிலிருந்து வர வேண்டும், தங்கம் வேறு எங்கிருந்தோ வர வேண்டும். "கனடாவிலை ஆள் இருக்கேக்கை இஞ்சை ஏன் வாங்குவான்?" என்று அக்கா மச்சானைப் பிடித்தாள். மச்சான் அங்கே விவசாயத்தை விட்ட ஒரு கமக்காரரிடமிருந்து பம்பையும், சாறு வந்து விழுகிற தொட்டியையும், குழாய்கள் வந்து சேருகிற பித்தளைக் கட்டையையும் வாங்கி மரப்பெட்டியில் அனுப்பினான். இடைவெளிகளில் அடைக்கப் பழைய துணியும் மிளகாய்த்தூள் பைகளும். பெட்டியைத் திறந்தபோது பம்புக்கே தும்மல் வருகிற வாசம். அந்த அம்மா இது எந்த நாட்டு இயந்திரம் என்று கேட்டார். கனடா என்று அக்கா சொன்னாள். அவர் நம்பினாரோ தெரியவில்லை.

பனி நாட்களில் நானும் வார இறுதிகளில் போனேன். சரிவில் குழாய் இழுப்பது, மூக்குச் செருகுவது எல்லாம் இருவருமாகச் செய்தோம். கொட்டிலுக்குள் நடக்கிற வேலையை மட்டும் அவள் எனக்குத் தரவில்லை. கனடாச் சாமான்களுக்கு நடுவே ஜெர்மன் குழாய்களை வைத்து இணைக்கிற வேலை அது. ஒவ்வொரு மரைக்கும் சணல் சுற்றினாள். சுற்றி முடித்ததும் எல்லாக் குழாய்களுக்குள்ளும் தண்ணீரை விட்டு அழுத்தம் ஏற்றி வைத்து, ஒவ்வொரு பொருத்தையும் கையால் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டும் இல்லை. காட்டுக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்து, "அழகான வேலை" என்றார். ஜெர்மன்காரர் வேலையைப் பார்த்து அப்படிச் சொல்வது லேசான காரியமில்லை. அக்கா அன்று திரும்பும் வழி முழுக்க ஓட்டோபான் நெடுஞ்சாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

சாறு ஓடத் தொடங்கிய முதல் நாள் பம்பைப் போட்டோம். அழுத்தமானியின் முள் ஏறியது, ஏறியது, பாதியில் நின்றுவிட்டது.

பாதி உறிஞ்சில் சாறு வரும், ஆனால் அந்த அம்மாவுக்குக் காட்டுகிற அளவுக்கு வராது. தொட்டிக்குள் சாறு விழுவதை நான் பார்த்தேன். கஞ்சன் கை நீட்டுவது போல விழுந்தது. எங்கோ காற்று உள்ளே போகிறது என்றாள் அக்கா. முதலில் மரங்களைத்தான் சந்தேகப்பட்டோம். குழாய்கள் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே சாறு ஓடுவது தெரியும். எங்காவது ஓட்டை இருந்தால் அந்த இடத்திலிருந்து காற்றுக் குமிழிகள் தலைதெறிக்க ஓடும். சரிவில் ஏறி இறங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். அணில் கடித்த இடங்கள் இருந்தன, சரியாகச் செருகாத மூக்குகள் இருந்தன. (சரியாகச் செருகாதது நான் என்று அக்கா சொல்கிறாள். அதற்குச் சாட்சி இல்லை.) எல்லாவற்றையும் அடைத்தோம். முள் அசையவே இல்லை.

அடுத்த வார இறுதியிலும் அதே கதை. காற்றில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. மரம் துளிர்க்கத் தொடங்கினால் சாறு கசந்துவிடும், அதோடு பருவம் முடிந்தது. வியாபாரி வருகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா பம்புக்கு முன்னால் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து முள்ளை முறைத்துக்கொண்டிருந்தாள். பல் வைத்தியரிடத்தில் எங்கள் எச்சில் குழாயில் உறிஞ்சு குறைந்தால் நாங்கள் செய்வதை நான் சொன்னேன்.

"அக்கா, எல்லா வால்வையும் பூட்டிப்போட்டு ஒண்டொண்டாத் திறந்து பாப்பமே?"

"எனக்குத் தெரியும். நீ பல்லைப் பார்."

சொன்னாளே தவிர, எழுந்து அதைத்தான் செய்தாள். பம்பின் வாயிலேயே உள்ள வால்வைப் பூட்டினாள். முள் உச்சிக்குப் போனது, அப்படியென்றால் பம்பில் பிழை இல்லை. அதைத் திறந்துவிட்டு, சரிவிலிருந்து வருகிற குழாய்களின் வால்வுகளை எல்லாம் பூட்டினாள். இப்போது மரங்களுக்கும் இந்த உறிஞ்சுக்கும் தொடர்பே இல்லை. முள் விழுந்து பாதியில் நின்றது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் முள்ளைப் பார்த்தாள்.

"பம்பிலை பிழையில்லை, மரத்துப் பக்கமும் பிழையில்லை" என்றேன். "அப்ப நடுவிலைதான்."

"நடுவிலை இருக்கேலாது. நான் தண்ணி விட்டுப் பாத்தனான். ஒரு சொட்டும் ஒழுகேல்லை."

"நடுவிலை ஆர் பூட்டினது?"

"வாயைப் பொத்து."

அவளுடைய முகம் கறுத்துவிட்டது. கொட்டிலை விட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. கேலியாகத்தான் கேட்டேன், ஆனால் அது போய் விழுந்த இடம் சரியில்லை. திரும்பி வந்தவள், ஊர்க் கடைக்குப் போய் ஷேவிங் நுரை வாங்கிவா என்றாள், இருக்கிற டப்பா எல்லாவற்றையும். எதற்கு என்று கேட்டால் திட்டு விழும் என்று தெரிந்ததால் கேட்காமல் போனேன். கடையில் காசு வாங்குகிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

அழுத்தமான தண்ணீர்க் குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகும், கண்ணால் காணலாம். உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே ஒன்றுமே தெரியாது. பம்பின் இரைச்சலில் காதாலும் கண்டுபிடிக்க ஏலாது. அக்கா ஒவ்வொரு பொருத்தின் மேலும் நுரையைத் தடிப்பாக அப்பினாள், கேக்குக்குக் கிரீம் அப்புகிற மாதிரி. பம்பைப் போட்டுவிட்டு இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பொருத்தில் நுரை அப்படியே இருந்தது. அடுத்ததிலும். பிறகு தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே இருந்த ஒன்றில் நுரையின் நடுவே மெல்லக் குழி விழுந்தது. குழி ஆழமாகி, உழுந்து வடையின் ஓட்டை மாதிரி ஆகி, சுற்றியிருந்த நுரையும் அதற்குள் போகத் தொடங்கியது. பக்கத்தில் இருந்ததிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும்.

எல்லாமே அவளுடைய சணல். அழகான வேலை என்று அந்த அம்மா சொன்ன சணல்.

அக்கா பம்பை நிறுத்தினாள். ஸ்பானரை எடுத்து முதல் பொருத்தைக் கழற்றினாள். பொன்னிறமாகச் சுற்றியிருந்த நார் காய்ந்து, சுருங்கி, விரலால் தட்டியதும் தூளாக உதிர்ந்தது. பித்தளைப் பிரஷால் மரையைச் சுத்தமாகத் தேய்த்தாள். பிறகு சணல் ஒன்றும் இல்லாமல், கனடாத் துண்டை ஜெர்மன் துண்டுக்குள் கையால் திருகிப் பார்த்தாள். சில சுற்று லேசாகப் போனது, பிறகு இறுகி நின்றது. பிடித்து ஆட்டினாள். ஆடியது. நான் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம்: வெளியே பார்த்தால் உறுதியாகத் தெரிகிற, ஆனால் ஆடுகிற பல்.

"ரெண்டும் அரை இஞ்சிதானே?" என்று கேட்டேன்.

"ரெண்டும் அரை இஞ்சி எண்டுதான் சொல்லுவினம். கனடாக்காரன்ரை மரை வேறை, இவங்கடை மரை வேறை. வரியின்ரை சரிவு வேறை. ஒண்டுக்குள்ளை ஒண்டு போகும், இறுகும், ஆனா பொருந்தாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "சணல் தண்ணியிலை ஊதி அந்தப் பிழையை மறைச்சுப்போட்டுது. நான் தண்ணியிலை சோதிச்சுப்போட்டுப் பெருமைப்பட்டிட்டன். இந்தப் பக்கம் தண்ணியே வராது, பம்பின்ரை சூட்டுக் காத்துத்தான். காஞ்சு போச்சு."

 நினைத்துப் பார்த்தால், இந்தப் பிழையை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. கனடாக்காரன் கனடாத் துண்டுக்குக் கனடாத் துண்டைப் பூட்டியிருப்பான். ஜெர்மன்காரன் இங்கேயே வாங்கிப் பூட்டியிருப்பான். கனடாவில் மச்சானும் கையில் ஜெர்மன் சணலும் இருக்கிற ஆட்களுக்குத்தான் இது வாய்க்கும். அதை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

பிறகு அவள் செய்ததை நான் மறக்கமாட்டேன். கொட்டிலில் இருந்த எல்லாப் பொருத்துகளையும் கழற்றத் தொடங்கினாள். நுரை குழி விழாதவற்றையும் சேர்த்து. அவை சாறு ஓடுகிற பக்கம், நனைந்தே இருப்பதால் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

"அதை விட்டிடு அக்கா, பிடிக்குதுதானே?"

"இண்டைக்குப் பிடிக்குது. பருவம் முடிஞ்சு காயேக்கை?"

முழங்காலை மடிக்க முடியாமல், காலை நீட்டிக்கொண்டு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, தன்னுடைய அழகான வேலையை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். மற்றவன் பூட்டியதைப் பிய்க்கும்போது விடாமல் திட்டுகிற வாய் அது. அன்று ஒரு சொல் வெளியே வரவில்லை. பக்கத்தில் சணல் குப்பை சேர்ந்துகொண்டே போனது. எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனாலும், என்ன மனுஷி இவள் என்று உள்ளுக்குள் வியந்துகொண்டுதான் பிரஷை வாங்கி நானும் தேய்த்தேன்.

இரண்டு வகை மரையையும் சேர்க்கிற இடைத் துண்டுகள் வேண்டும். மச்சானிடம் கேட்டால் வந்து சேர்வதற்குள் மரம் பூத்துவிடும். அந்தப் பக்கத்துச் சிறு பட்டணத்தில் உழவு இயந்திரங்களுக்கு ஹைட்ரோலிக் குழாய் விற்கிற கடை ஒன்று இருந்தது. கனடா மரையையே கொண்ட அமெரிக்க உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்காக அவர்கள் அந்தத் துண்டுகளை வைத்திருப்பார்கள் என்று அக்கா ஊகித்தாள். சனிக்கிழமை, மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள். நான் ஓட்டிய ஓட்டத்துக்கு எங்காவது கமரா இருந்திருந்தால் தண்டச்சீட்டு வீட்டுக்கு வந்திருக்கும். கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அக்கா கையில் கழற்றிய துண்டைத் தூக்கிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பி வந்து, அவள் பையின் அடியிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தாள். அந்தப் பைக்குள் அது இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "இதென்ன, மனுஷர் சுத்திறதே?" என்று கேட்டேன். "பேசாமல் பிடி" என்றாள். டேப்புக்குத் தண்ணீரும் தேவையில்லை, காய்ந்து சுருங்குவதும் இல்லை. மரையின் முதல் வரியை விட்டுவிட்டு, திருகுகிற திசையிலேயே இறுக்கி இழுத்துச் சுற்றினாள், டேப்பின் கீழே மரையின் வரிகள் எழும்பித் தெரிகிற அளவுக்கு. முதல் வரியை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். நுனியில் சுற்றினால் டேப் கிழிந்து துண்டு பம்புக்குள் போகும் என்றாள். சணலில் கொஞ்சம் பின்னால் திருப்பி நேராக்கலாம். டேப்பில் அது ஏலாது, பின்னால் திருப்பினால் அந்த இடம் அவ்வளவுதான். ஆகையால் ஒவ்வொன்றையும் எங்கே நிறுத்த வேண்டும் என்று முதலே கணித்து, ஒரே இழுவையில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். இத்தனை வருஷம் வெறுத்து ஒதுக்கிய சாமானைக் கையில் எடுத்த முதல் நாளே அதற்குரிய மரியாதையோடு கையாண்டாள். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர், பிடிக்காத வேலையைச் செய்யும்போது அது தெரியும்படிதான் செய்வார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டோம். பம்பைப் போட்டாள். முள் ஏறியது. பாதியைத் தாண்டியது.  முக்கால், அதற்கும் மேலே, போய் உச்சிக்குக் கிட்ட நின்றது. சரிவு வால்வுகளைத் திறந்தாள். கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது. தொட்டிக்குள் சாறு விழுகிற சத்தம் மாறியது. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். "விடு, விடு, உடம்பெல்லாம் நுரை" என்றாள், ஆனால் விலகவில்லை.

வியாபாரி வருகிற நாளன்று நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். காரில் போகும்போதே அவளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். இத்தனை நாள் ஏன் ஓடவில்லை என்று அந்த அம்மா கேட்பார். கனடாச் சாமானில் பிழை இருந்தது, மாற்றிவிட்டோம் என்று சொல்லு. அது பொய்கூட இல்லை, பாதி உண்மை. உன்னுடைய வேலையை நம்பித்தான் அவர் மரங்களைக் கொடுக்கப் போகிறார். அதில் நீயே மண் அள்ளிப் போடாதே. அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டு, "பாப்பம்" என்றாள். அவள் பாப்பம் என்றால் கேட்கமாட்டாள் என்று அர்த்தம்.

அந்த அம்மா கொட்டிலுக்கு வந்தார். முள்ளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், விரலை விட்டுச் சாற்றைத் தொட்டு நக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டார்: எதில் பிழை இருந்தது?

அக்கா ஜெர்மனில், திருத்தமாகச் சொன்னாள். "பிழை என்னுடையது. நீங்கள் அழகான வேலை என்று சொன்னீர்களே, அந்தப் பொருத்துகள் எல்லாம் காற்றை விட்டன. பொருந்தாத இரண்டு மரைகளை நான் பார்க்காமல் பூட்டிவிட்டேன். சணல் அதை என் கண்ணுக்கு மறைத்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி, திரும்பப் பூட்டியிருக்கிறேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா தலையை ஒருமுறை ஆட்டினார். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

"உனக்கென்ன விசரே?" என்று நான் தொடங்கினேன். "ஆர் உன்னைக் கேட்டது இவ்வளவையும்? அந்த மனுசி இனி உன்னை நம்புமே? ஒரு நாளைக்கு அந்த வாயைப் பூட்டி வைக்க ஏலாதே உனக்கு?" என்னென்னவோ சொன்னேன். அவளுக்காகத்தான் கோபம். அவள் திருப்பித் திட்டவில்லை. "சொல்லாமல் விட்டால் இந்தக் கொட்டிலுக்குள்ளை நான் நிண்டு வேலை செய்யேலாதடி" என்றாள். அவ்வளவுதான். குரல் சின்னதாக இருந்தது. அவளுக்கும் பயம் இருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயந்துகொண்டேதான் சொல்லியிருக்கிறாள்.

வியாபாரியின் கார் மேலே ஏறி வந்தது. அந்த அம்மா வீட்டிலிருந்து வெளியே வந்து முற்றத்தில் அவரோடு கதைத்தார். எங்களுக்குக் கேட்கவில்லை. வியாபாரி சரிவைக் கையால் காட்டி ஏதோ சொன்னார், அந்த அம்மா தலையை ஆட்டினார், ஆமென்பதா இல்லையென்பதா என்று தெரியவில்லை. அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல், துணியால் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே. பிறகு கார் திரும்பிப் போய்விட்டது.

அந்த அம்மா மெதுவாக நடந்து கொட்டிலுக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே கதைத்தார்.

"ஊசியிலை மரங்கள் காயத் தொடங்கியபோது என் கணவர் முதலில் வறட்சி என்றார். பிறகு பக்கத்துக் காட்டுக்காரன்மேல் பழி சொன்னார். வண்டு என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். தான் கவனிக்காமல் விட்டதைச் சொல்ல அவரால் முடியவில்லை. சொன்னபோது மலையில் ஒரு ஊசியிலை மரமும் இல்லை." பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார். "உங்கள் தங்கச்சி நீங்கள் வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். முகத்திலேயே எழுதியிருந்தது." எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"மரங்கள் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்" என்றார். "சரிவை நீங்கள் பாருங்கள். இங்கே ஏதாவது பிழைத்தால் அதை எனக்கு முதலில் சொல்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டும். முடியுமா?"

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஜெர்மன்காரரோடு பேசி, ஒரு சொல்கூடத் தடுமாறாதவள் என் அக்கா. அவள் வாயைத் திறந்து, "ஓம்" என்றாள். தமிழில் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. "ஓம், ஓம்" என்று திரும்பவும் சொன்னாள். அந்த அம்மா என்ன என்று கேட்கவில்லை. கையை நீட்டினார். அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் விடாமல் நின்றாள்.